ஜெலட்டின் முதல் கடல்பாசி வரை: உயிரியல் பெருமூலக்கூறுகளும் ஹலால் கேள்விகளும்

மாத்திரைக் கேப்சூல், பிள்ளைகள் கேட்கும் ஜெல்லி மிட்டாய், தடுப்பூசி, டயாலிசிஸ் நோயாளிக்குப் போடும் ஊசி. இவற்றைப் பற்றி மஸ்ஜித்களில் உலமாக்களிடம் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் கடைசியில் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கின்றன. இது எதிலிருந்து எடுக்கப்பட்டது? எடுக்கும்போது அதன் தன்மை மாறிவிட்டதா, இல்லையா? முதல் கேள்விக்குத் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஃபிக்ஹ் மட்டும் போதாது, அந்தப் பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் உயிரியல் மூலக்கூறுகள் பற்றி வரும் பாடம் நம் சமையலறைக்கும் மருந்து அலமாரிக்கும் எவ்வளவு நெருக்கமானது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

உயிருள்ள உடலில் உள்ள பெரிய மூலக்கூறுகளைப் பொதுவாக நான்கு வகையாகச் சொல்வார்கள்: கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம். தண்ணீரின் மூலக்கூறு எடை 18. குளுக்கோஸின் எடை 180. நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் எடை சுமார் 3 லட்சம். இவ்வளவு பெரிய ஒற்றை மூலக்கூறு இருக்க முடியும் என்பதையே ஒரு காலத்தில் வேதியியல் அறிஞர்கள் நம்பவில்லை. சிறியவை பல ஒட்டிக்கொண்டு திரளாக நிற்கின்றன என்றுதான் நினைத்தார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல், இவை உண்மையிலேயே நீண்ட சங்கிலிகள்தான் என்று வாதிட்டார். அந்தக் கருத்துக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்.

தஸ்பீஹ் மணிமாலையை நினைத்துக்கொண்டால் சங்கிலி என்பது எளிதில் விளங்கும். சிறிய மணிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மணி அடுத்த மணியோடு இணையும் ஒவ்வொரு தடவையும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அந்த இணைப்பை அறுக்க வேண்டுமானால் ஒரு தண்ணீர் மூலக்கூறைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்குத்தான் நீராற்பகுத்தல் என்று பெயர். நம் குடலில் நொதிகள் செய்வதும், தொழிற்சாலையில் அமிலமும் வெந்நீரும் செய்வதும் இதையே. உயிருள்ள ஒவ்வொன்றையும் அல்லாஹ் தண்ணீரிலிருந்து உண்டாக்கினான் என்று அறிவிக்கும் 21:30 வசனத்தை இங்கே கொண்டுவந்து, "இதைத்தான் குர்ஆன் அன்றே சொன்னது" என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அவசரத்தில் உடன்பாடு இல்லை. வசனம் படைப்பை நினைத்துப் பார்க்கச் சொல்கிறது. அதை வேதியியல் சமன்பாடாக மாற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நான்கு வகைகளில் கொழுப்பு மட்டும் உண்மையில் நீண்ட சங்கிலி அல்ல. கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும். அதைப் பிறகு பார்ப்போம்.

கடல்பாசியும் சோறும்

சோற்றில் உள்ள மாவுச்சத்தும், வைக்கோலில் உள்ள செல்லுலோஸும், நம் ஈரலில் சேமிக்கப்படும் கிளைக்கோஜனும் ஒரே குளுக்கோஸ் மணியால் ஆனவை. மணிகள் கோக்கப்பட்ட விதம்தான் வேறு. அந்த இணைப்பின் திசை மாறியதால்தான் சோற்றை நாம் செரிக்கிறோம், வைக்கோலைச் செரிக்க முடிவதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அந்த நொதி சொந்தமாக இல்லை. அவற்றின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

கிளைக்கோஜன் நோன்பாளிக்கு நெருக்கமான பொருள். ஸஹரில் சாப்பிட்டது செரித்து முடிந்த பிறகு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் தாங்குவது ஈரலில் உள்ள சுமார் 100 கிராம் கிளைக்கோஜன்தான். கிளைகள் அதிகமுள்ள மரம் போன்ற வடிவம் அதற்கு. நுனிகள் நிறைய இருப்பதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் குளுக்கோஸைக் கழற்றிக் கொடுக்க முடிகிறது. தசையில் இதைவிடப் பல மடங்கு இருந்தாலும் தசை அதைத் தன் சொந்தச் செலவுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறது. நேரம் செல்லச் செல்ல உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். ரமளானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அவர் சொன்னால் மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்க வேண்டும்.

இஃப்தார் தட்டில் வைக்கும் கடல்பாசியும் ஒரு கார்போஹைட்ரேட்தான். சில சிவப்புப் பாசிகளின் செல் சுவரிலிருந்து எடுக்கப்படும் இதன் மணி குளுக்கோஸ் அல்ல, கேலக்டோஸ். மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி இதற்கான மூலப்பொருள்களில் ஒன்று. கொதிக்க வைத்தால் கரைந்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது இறுகிவிடும். ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை சூடாக்கினால்தான் திரும்ப உருகும். அதனால்தான் நம் வீட்டுக் கடல்பாசி மே மாத வெயிலிலும் தட்டில் நிற்கிறது. ஜெலட்டினில் செய்த ஜெல்லியோ வாயில் வைத்ததும் உருகும், ஏனென்றால் நம் உடல் வெப்பமே அதற்குப் போதும். இரண்டும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் ஒன்று பாசி, இன்னொன்று பிராணியின் புரதம். ஜெல்லி செய்ய ஆசைப்படும் வீடுகளில் கடல்பாசி இருக்க ஜெலட்டினைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

கொலாஜன் எப்படி ஜெலட்டின் ஆகிறது

புரதத்தின் மணிகள் அமினோ அமிலங்கள். மொத்தம் 20 வகை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசைதான் அது எந்தப் புரதம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த வரிசைக்கேற்பச் சங்கிலி சுருள்கிறது, மடிகிறது, சில புரதங்களில் பல சங்கிலிகள் ஒன்று சேர்ந்து நிற்கின்றன. வடிவம் கெட்டால் வேலையும் கெடும். முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிறதே, அங்கே மணிமாலை அறுபடவில்லை, மடிப்புதான் குலைந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சட்டப் பிரச்சினைக்கு இதுதான் திறவுகோல்.

நம் உடலில் உள்ள புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜன். தோல், எலும்பு, நரம்பு என்று கறிக்கடையில் சொல்லப்படும் தசைநாண், எல்லாவற்றிலும் இதுதான் தாங்குகயிறு. அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தது சென்னையில். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய கயிறு போன்ற அமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அந்த முறுக்குக்குக் காரணம் ஒரு சிறிய விஷயம்: ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். 20 வகைகளில் மிகச் சிறியது அது. கயிற்றின் நடுவில் வேறு எதற்கும் இடம் போதாது. கயிறு உறுதியாக நிற்க வைட்டமின் சி தேவைப்படும் ஒரு மாற்றமும் நடக்க வேண்டும். அது கிடைக்காத பழைய காலக் கப்பல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது இதனால்தான்.

ஆட்டுக்கால் பாயா வைக்கும் வீடுகளில் எல்லாம் ஜெலட்டின் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. மணிக்கணக்கில் கொதிக்கும்போது எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து குழம்பில் கரைகிறது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக இருக்கும். தொழிற்சாலையிலும் இதேதான், அளவும் வேகமும் வேறு. பன்றித் தோலை அமிலத்தில் ஊற வைத்து எடுப்பது ஒரு முறை. மாட்டெலும்பையும் மாட்டுத் தோலையும் வாரக்கணக்கில் சுண்ணாம்பில் ஊற வைத்து எடுப்பது இன்னொரு முறை. பிறகு வெந்நீரில் கரைத்து, வடித்து, உலர்த்துகிறார்கள். மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். இந்தியாவில் தயாராகும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து வருவது. மேற்கு நாடுகளிலிருந்து வரும் மிட்டாய்களில் பன்றி ஜெலட்டின் சாதாரணம்.

இதில் உள்ளே நடப்பது என்ன? மூன்று சங்கிலிகளின் முறுக்கு அவிழ்கிறது. சங்கிலிகளில் சில இணைப்புகளும் அறுபடுகின்றன. ஆனால் மணிகளின் வரிசை பெருமளவு அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் ஜெலட்டின் ஆறும்போது இறுகுவதே, அவிழ்ந்த சங்கிலிகள் ஆங்காங்கே பழைய முறுக்குக்குத் திரும்ப முயல்வதால்தான்.

இஸ்திஹாலா ஆகிவிட்டதா?

ஒரு நஜீஸான பொருள் வேறு பொருளாகவே மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்பதை ஃபிக்ஹில் இஸ்திஹாலா என்பார்கள். மது தானாகவே காடியாக மாறினால் அது தூய்மை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஹனஃபி மத்ஹபின் நூல்கள் இன்னும் விரிவாகச் செல்கின்றன: உப்பளத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால் அது உப்புதான். ஷாஃபி மத்ஹப் இந்த வாசலைக் குறுகலாகவே திறக்கிறது. காடியும், பதனிட்ட தோலும், இன்னும் சிலவும்தான் அதில் வரும். நம் கடலோர ஊர்களில் ஷாஃபிகளும் உள்மாவட்டங்களில் ஹனஃபிகளும் அதிகம் என்பதால், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஃபத்வாக்கள் மோதிக்கொள்வது புதிதல்ல.

ஜெலட்டின் விஷயத்தில் உலக அளவிலும் இதே நிலை. இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் கூடியபோது, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது, தாவரங்களிலிருந்தும் முறைப்படி அறுக்கப்பட்ட பிராணிகளிலிருந்தும் எடுப்பதே போதும் என்று தீர்மானித்தது. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கு, நஜீஸான பிராணியின் எலும்பும் தோலும் ஜெலட்டினாக மாறும்போது இஸ்திஹாலா நடந்துவிடுகிறது, அது தூய்மையானது, உண்ணலாம் என்றது. இரு பக்கத்திலும் பெரிய உலமாக்கள் இருக்கிறார்கள். யாரையும் "மார்க்கத்தை விற்றவர்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

என் கருத்து முதல் தீர்மானத்தின் பக்கம். காரணம் மேலே சொன்ன கட்டமைப்புதான். உப்பாக மாறிய கழுதையில் கழுதையின் புரதம் எதுவும் மிஞ்சுவதில்லை. ஜெலட்டினில் மிஞ்சுகிறது. இன்றைய ஆய்வகத்தில் ஜெலட்டினின் சங்கிலித் துண்டுகளை எடைபோட்டுப் பார்த்து இது பன்றியா மாடா என்று சொல்லிவிட முடிகிறது. பிராணியின் அடையாளம் அழியாதபோது முழு மாற்றம் நடந்தது என்று சொல்வது கடினம்.

ஆனால் வேதியியலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர் மக்களுக்குத் தெரிந்த தொழிலையே பாருங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டோ, குரோம் உப்பு போட்டோ தோலைப் பதனிடும்போது கொலாஜன் சங்கிலி அறுபடுவதே இல்லை. முறுக்கும் அப்படியே இருக்கிறது. பட்டையின் துவர்ப்புப் பொருளோ குரோமியமோ கயிறுகளுக்கிடையே புகுந்து அவற்றை இன்னும் இறுகக் கட்டுகிறது, அதனால் தோல் அழுகுவதில்லை. அணு அளவில் பார்த்தால் ஜெலட்டினைவிட இதில் மாற்றம் குறைவு. இருந்தும் செத்த ஆட்டின் தோலை வீசியதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டு, ஹராமானது அதை உண்பதுதான் என்று விளக்கிய செய்தி ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆக, தூய்மை என்பது மூலக்கூறு எவ்வளவு மாறியது என்ற அளவுகோலால் மட்டும் வருவதல்ல, நஸ்ஸும் அதில் பேச வேண்டும். அதே நபிமொழியில் தோலைப் பயன்படுத்துவதும் உண்பதும் வேறு வேறாக வைக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். பன்றித் தோலுக்குப் பதனிடுதல் பயன் தராது என்பதில் ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

மாட்டு ஜெலட்டின் இன்னொரு சிக்கல். மாடு ஹலால், ஆனால் அது அறுக்கப்பட்டதா, தானாகச் செத்ததா? ஹனஃபிகளிடம் பன்றியைத் தவிர்த்த செத்த பிராணியின் காய்ந்த எலும்பு தூய்மையானது, ஷாஃபிகளிடம் அது நஜீஸ். எனவே எலும்பிலிருந்து வந்த கேப்சூல் உறை பற்றி உங்கள் ஊர் இமாம் சொல்வதும் பக்கத்து ஊர் இமாம் சொல்வதும் வேறுபட்டால் குழம்ப வேண்டாம். செல்லுலோஸிலிருந்து செய்த தாவரக் கேப்சூல்களும் இப்போது கிடைக்கின்றன. மாத்திரை வடிவிலோ சிரப்பாகவோ அதே மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஊசிமருந்துகள்

இங்கேதான் உயிர் சம்பந்தப்படுகிறது, எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இன்சுலின் ஒரு சிறிய புரதம், 51 அமினோ அமிலங்கள் மட்டுமே. பன்றியின் இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். மாட்டு இன்சுலினுக்கு மூன்று. அதனால்தான் பல பத்தாண்டுகள் இவ்விரு பிராணிகளின் கணையத்திலிருந்து எடுத்து மனிதர்களுக்குப் போட்டார்கள். "இன்சுலின் பன்றியிலிருந்து வருகிறது" என்ற பேச்சு அந்தக் காலத்தின் எச்சம். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வகத்தில் வேதியியல் முறையில் செய்து, பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைக்கொண்டே இன்சுலினைத் தயாரிக்க வைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் தயாரித்ததுதான். இந்தச் சந்தேகத்தால் ஊசியை நிறுத்தியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

ஹெபாரின் அப்படியல்ல. இரத்தம் உறையாமல் தடுக்கும் இது சர்க்கரை மணிகளால் ஆன சங்கிலி, அதில் கந்தகக் குழுக்கள் நெருக்கமாகத் தொங்குகின்றன. அவற்றின் எதிர்மின்னூட்டம்தான் இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு உறைதலைத் தடுக்கிறது. இந்த வடிவத்தைச் செயற்கையாகச் செய்வது கடினம் என்பதால் உலகில் பயன்படும் ஹெபாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்தே எடுக்கப்படுகிறது. எனாக்ஸபாரின் என்ற ஊசியும் அதை உடைத்துச் செய்வதே. ஃபாண்டாபாரினக்ஸ் என்ற முழுக்கச் செயற்கையான மருந்து உண்டு, ஆனால் எல்லா நோயாளிக்கும் எல்லாச் சூழலிலும் அது பொருந்தாது. இதய அறுவை சிகிச்சையிலும் டயாலிசிஸிலும் ஹெபாரினுக்குப் பதிலாக என்ன போடுவது என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. மாற்று இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நிர்ப்பந்தத்தில் இருப்பவர் மீது குற்றமில்லை என்பது 2:173 வசனத்தின் தெளிவான சட்டம். போதைப்பொருள் அல்லாத நஜீஸைக் கொண்டு, தூய்மையான மாற்று கிடைக்காதபோது சிகிச்சை செய்யலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களும் அல்மஜ்மூஃவில் எழுதியிருக்கிறார்கள். சட்டத்தில் கடுமையானது என்று பெயர் பெற்ற மத்ஹபின் நிலையே இது.

தடுப்பூசிகள் சிலவற்றில், உள்ளிருக்கும் கிருமி கெடாமல் காக்க ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பரவிய வதந்திகள் நினைவிருக்கும். இந்தோனேசியாவில் உலமா சபை 2018இல், இந்தியாவில் தயாரான அதே வகைத் தடுப்பூசியை ஆராய்ந்து, தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டிருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னது. மாற்று இல்லாத நிலையில் குழந்தைகளைக் காக்க அதைப் போடுவது ஆகுமானது என்றும் சேர்த்தே ஃபத்வா கொடுத்தது. தட்டம்மை மூளையைத் தாக்கினால் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கும். ருபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் உள்ள பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும். உண்மையை மறைக்காமலும் பிள்ளையைக் கைவிடாமலும் பேசிய அந்த ஃபத்வாவை நம் ஊர் மேடைகளிலும் எடுத்துச் சொல்லலாம்.

அட்டையில் எதைப் பார்ப்பது

இந்தியாவில் விற்கும் பொட்டல உணவில் ஜெலட்டின் இருந்தால் பச்சைக் குறி போட முடியாது. ஜெலட்டினை 441 என்ற எண்ணால் குறிப்பிடுவதும் உண்டு. பச்சைக் குறி ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, அதையும் மனதில் வையுங்கள். மருந்து அட்டைகளில் இந்தக் குறியை எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாய்களில் பொருள்களின் பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

471 என்ற எண் கொழுப்பு சம்பந்தப்பட்டது. கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலத்துக்குப் பதிலாக ஒன்றோ இரண்டோ இருந்தால் அது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும். பிஸ்கட், ஐஸ்கிரீம், ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கும். பாமாயிலிலிருந்தும் வரலாம், பிராணிக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சைக் குறி இருந்தால் தாவரத்திலிருந்து வந்தது. "ஈ என்று தொடங்கும் எண்கள் எல்லாம் பன்றிக் கொழுப்பு" என்று வருடந்தோறும் சுற்றிவரும் செய்தியை இனியாவது நிறுத்துங்கள். அது அனுமதிக்கப்பட்ட சேர்க்கைப் பொருள்களுக்கு ஐரோப்பாவில் கொடுக்கும் வரிசை எண், மஞ்சளின் நிறத்துக்கே 100 என்ற எண் இருக்கிறது.

சந்தேகமான உணவை ஆய்வகத்தில் சோதிக்கும்போது பெரும்பாலும் தேடுவது நான்காவது வகைப் பெருமூலக்கூறான டி.என்.ஏவை. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட அந்த நீண்ட சங்கிலியில் பன்றிக்கு மட்டுமே உரிய ஒரு பகுதியைத் தேர்ந்து, அதைப் பல கோடி மடங்கு பெருக்கிப் பார்ப்பார்கள். இறைச்சி கலந்த உணவில் இது நன்றாக வேலை செய்யும். ஜெலட்டினில் அமிலமும் சுண்ணாம்பும் கொதிநீரும் டி.என்.ஏவைச் சிதைத்துவிடுவதால் "பன்றி டி.என்.ஏ கிடைக்கவில்லை" என்ற அறிக்கை மட்டும் போதாது. அங்கே புரதத் துண்டுகளைச் சோதித்த அறிக்கையையும் கேட்க வேண்டும். ஹலால் சான்றிதழ் வழங்குவோரிடம் நம் ஜமாஅத் நிர்வாகிகள் கேட்க வேண்டிய கேள்வி இது. பெருக்கிய டி.என்.ஏ துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்க அந்த ஆய்வகங்களில் ஊற்றி வைத்திருக்கும் கட்டி எதனால் ஆனது என்றால், கடல்பாசியிலிருந்து பிரித்தெடுத்த அகரோஸ்.

வல்லாஹு அஃலம்.